எக்ஸ்மூர் சுற்றுலா: பழைய சர்ச், கடலோர மூர், கிராமங்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் தென்மேற்கில், சாமர்செட்டும் டெவனும் சேரும் இடத்தில், பிரிஸ்டல் கால்வாய் என்ற கடற்பகுதியைப் பார்த்தபடி இருக்கிறது எக்ஸ்மூர். 1954-இல் தேசியப் பூங்கா ஆனது. பரப்பு சுமார் 692 சதுர கிலோமீட்டர். லண்டனில் உறவினர் வீட்டுக்கு வந்தவர்கள், அங்கேயே குடியிருந்தும் நகரத்தைத் தாண்டாதவர்கள் என்று பலரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். கேட்ட வாக்கிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம்.

1. மூர், மூர்ங்கறாங்களே, அது என்ன? காடா, மலையா, புல்வெளியா?

மூன்றும் இல்லை. உயரமான, மரமில்லாத, புளிப்பு மண் நிலம். அதில் முழங்கால் உயரத்துக்கு ஹெதர் என்ற குறுஞ்செடி, மஞ்சள் பூ பூக்கும் கோர்ஸ் முட்புதர், பெரணி, ஈரம் நிற்கும் இடத்தில் பாசி. பார்த்தால் மனிதக் கை படாத இடம் போலத் தெரியும். உண்மையில் பல ஆயிரம் ஆண்டுகளாக மரம் வெட்டி, ஆடு மாடு மேய்த்து, குளிர்காலத்தில் பழைய செடியை அளவாகத் தீ வைத்து எரித்து உருவான நிலம் இது. மேய்ச்சலை நிறுத்தினால் மரங்கள் மெல்லத் திரும்பி வந்துவிடும்.

ஊட்டிப் பக்கம் மஞ்சள் பூவோடு ஒரு முட்புதர் புல்வெளியை விழுங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக்காரர்கள் இங்கிருந்து கொண்டுபோன கோர்ஸ்தான் அது. நீலகிரியில் அது களை. இங்கே மண்ணின் செடி.

2. எந்த மாசம் போனா அந்த ஊதா நிறம் கிடைக்கும்?

ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் முதல் வாரங்கள் வரை. மலையையே ஊதாவாக்குவது லிங் என்ற ஹெதர் வகை. பெல் ஹெதர் அதற்கு முன்பே பூத்துவிடும், ஆனால் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். எக்ஸ்மூரின் அதிர்ஷ்டம், மேற்கத்திய கோர்ஸும் அதே ஆகஸ்டில் பூப்பது: ஊதாவும் மஞ்சளும் ஒரே சரிவில் கலந்து கிடக்கும்.

ஆனால் அதுதான் பள்ளி விடுமுறை. தங்குமிடம் ஆறு மாதம் முன்பே போய்விடும், விலையும் ஏறும். நிறத்துக்காக மட்டும் போகவில்லை என்றால் மே மாதம்தான் எங்கள் பரிந்துரை. பகல் நீளம், கூட்டம் குறைவு, கோர்ஸ் பூவில் தேங்காய் வாசனை. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். சர்ச் பார்க்கலாம், மூரில் தூரம் போக முடியாது.

3. லண்டன்ல இருந்து எப்படிப் போறது? கார் இல்லாம முடியுமா?

முடியும், ஆனால் பாதி ஊர்களைத்தான் பார்க்கலாம். பாடிங்டனிலிருந்து டான்டன் வரை ரயில், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அங்கிருந்து மைன்ஹெட்டுக்கு 28-ஆம் எண் பேருந்து. டன்ஸ்டரில் இறங்க வேண்டுமானாலும் இதே பேருந்துதான். மைன்ஹெட்டிலிருந்து போர்லாக் ஆறு மைல், அதற்கும் பேருந்து உண்டு, ஆனால் ஒன்றைத் தவறவிட்டால் காத்திருப்பு நீளம். ஞாயிறும் குளிர்காலமும் இன்னும் மோசம். கிளம்புவதற்கு முந்தைய வாரம் கால அட்டவணையைப் புதிதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். போன வருடத்து வலைப்பதிவை நம்பாதீர்கள்.

டான்டன் அருகே பிஷப்ஸ் லிடியார்டிலிருந்து மைன்ஹெட்டுக்கு 20 மைல் பழைய நீராவி ரயில் தடம் ஒன்று இருக்கிறது. அதை வாகனமாக எண்ணாமல் வேடிக்கையாக எண்ணிப் போவது நல்லது. மெதுவாகப் போகும், எல்லா நாளும் ஓடாது.

4. தங்க எந்த ஊர் நல்லது?

கார் இல்லையென்றால் டன்ஸ்டர் அல்லது மைன்ஹெட். நடைதான் நோக்கம் என்றால் போர்லாக்; கடைத்தெரு, பப், மூர், கடல் எல்லாம் காலடியில். லின்டனும் லின்மத்தும் அழகு, ஆனால் டெவன் பக்கக் கோடியில் இருப்பதால் டன்ஸ்டர் சர்ச்சுக்கு வந்து போவதே ஒரு நாள் வேலை. நான்கு இரவு இருந்தால் ஒரே ஊரில் தங்குங்கள். தினம் ஊர் மாற்றுகிறவர்கள் பார்ப்பது பெரும்பாலும் சாலையோர வேலிச்செடியைத்தான்.

5. இந்திய லைசன்ஸ் வச்சு ஓட்டலாமா? ரோடு ரொம்பச் சின்னதுன்னு பயமுறுத்துறாங்களே?

சுற்றுலா வந்தவர்கள் இந்திய உரிமத்தோடு 12 மாதம் வரை ஓட்டலாம். வாடகை நிறுவனம் வயது, அனுபவம் பற்றித் தனி விதி வைத்திருக்கும். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பதிவிலேயே கேட்டாக வேண்டும். இல்லாவிட்டால் கியர் வண்டிதான் வரும்.

பயமுறுத்துவதில் நியாயம் உண்டு. கிராமத்துச் சாலைகள் ஒரு கார் அகலம், இருபுறமும் ஆள் உயர மண் கரை, மேலே செடி. எதிரே வண்டி வந்தால் ஒதுங்கும் இடத்துக்கு யார் அருகில் இருக்கிறாரோ அவர் பின்னால் போக வேண்டும். ஆகவே முன்னால் ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, ஐம்பது மீட்டர் வளைந்து ரிவர்ஸ் எடுக்கவும் வர வேண்டும். வழிவிட்டவருக்குக் கை தூக்கிக் காட்டாமல் போவது இங்கே பெரிய மரியாதைக் குறைவு.

போர்லாக் ஹில் தனிக் கதை. ஏ39 சாலை அந்த ஊரை விட்டதும் நாலுக்கு ஒன்று என்ற சரிவில், கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறுகிறது. ஏறும்போது முதல் கியரில் நிதானமாகப் போங்கள். இறங்கும்போது பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். தாழ் கியரில் விட்டு எஞ்சினே இழுத்துப் பிடிக்கட்டும். பயமாக இருந்தால் பக்கத்திலேயே காட்டு வழியாக ஒரு தனியார் கட்டணச் சாலை, சுற்று அதிகம், சரிவு மிகக் குறைவு. கொடுக்கும் காசுக்குக் காட்சியும் கிடைக்கும்.

6. நாங்க இந்து. சும்மா பார்க்க சர்ச்சுக்குள்ள போனா ஏதாவது சொல்வாங்களா?

யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். பெரும்பாலும் கேட்க ஆளே இருக்காது. கிராம சர்ச் என்பது ஊருக்குப் பொதுவான கட்டடம், பகலில் திறந்து கிடக்கும், நீங்களாகப் போய் நீங்களாக வர வேண்டியதுதான். நுழைவுச்சீட்டு கிடையாது. ஆனால் கூரையைக் காப்பாற்றுவது பெரும்பாலும் ஊர்க்காரர்கள் திரட்டும் பணம்தான். கதவருகே உண்டியலோ அட்டை தேய்க்கும் கருவியோ இருக்கும். சில பவுண்டுகள் போடுவது முறை.

செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. ஆனால் மூரிலிருந்து சேறோடு வருகிறீர்கள் என்றால் பூட்ஸை முகப்பு மண்டபத்தில் விட்டுக் காலுறையோடு போங்கள், தரையைத் துடைப்பது யாரோ ஒரு தன்னார்வப் பாட்டி. ஆண்கள் தொப்பியை எடுத்துவிடுவது வழக்கம். வழிபாடு நடக்கும்போது தவிர மற்ற நேரத்தில் படம் எடுக்கலாம்.

7. கதவைத் தள்ளிப் பார்த்தேன், திறக்கலை. பூட்டியிருக்குன்னு திரும்பி வந்துட்டேன். சரிதானே?

பத்தில் பாதி தடவை அது பூட்டு இல்லை. பழைய ஓக் கதவில் கனமான இரும்பு வளையம் தொங்கும். அதைப் பிடித்து இழுத்தால் எதுவும் நடக்காது. வளையத்தை ஒரு பக்கமாகத் திருக வேண்டும். உள்ளே தாழ் எழும்பும் 'டக்' சத்தம் கேட்கும். அப்போதே தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டும். வலப்பக்கம் திரும்பாவிட்டால் இடப்பக்கம் முயலுங்கள். மழைக்காலத்தில் மரம் ஊறிச் சட்டத்தில் இறுகும், இன்னும் பலம் வேண்டும்.

வெளியே கம்பி வலைக் கதவு ஒன்று இருந்தால் போகும்போதும் வரும்போதும் சாத்துங்கள். பறவை உள்ளே போய்விட்டால் வெளியே வரத் தெரியாமல் தாகத்தில் சாகும். நிஜமாகவே பூட்டியிருந்தால் முகப்பு மண்டபத்து அறிவிப்புப் பலகையைப் படியுங்கள்: சாவி எந்த வீட்டில், அடுத்த வழிபாடு என்றைக்கு என்று இருக்கும். ஒரே பாதிரியார் பல ஊர்களைப் பார்ப்பதால் சில இடங்களில் மாதத்துக்கு ஒரு தடவைதான் வழிபாடு.

8. உள்ள போனா எல்லா சர்ச்சும் ஒரே மாதிரி இருக்கு. என்னத்தைப் பார்க்கிறது?

கோவிலில் தூணையும் போதிகையையும் பார்த்துப் பல்லவரா சோழரா என்று சொல்வதில்லையா, அதே வேலைதான். முதலில் வளைவு. அரைவட்டமாக, வாள்பல் போலக் கோணல் வரி செதுக்கியிருந்தால் நார்மன் காலம், ஏறத்தாழ 1066 முதல் 1190 வரை. ஒல்லியாக, தனித்தனியாக, கூர் முனையோடு சன்னல் இருந்தால் 13-ஆம் நூற்றாண்டு. சன்னல் அகன்று, அதன் கல் கம்பிகள் உச்சி வரை நேராக ஓடினால் 15-ஆம் நூற்றாண்டோ அதை ஒட்டியோ. சாமர்செட்டில் பெரும்பாலானவை இந்தக் கடைசி வகை, கம்பளிப் பணம் புரண்ட காலத்துக் கட்டடங்கள். ஒரே சர்ச்சில் மூன்று காலமும் கலந்திருக்கும். எந்தச் சுவர் எதன்மேல் ஏறியிருக்கிறது என்று தேடுவதுதான் சுவை.

அடுத்து, நடுக்கூடத்துக்கும் பீடத்துக்கும் இடையே சுவரில் ஒரு குறுகிய படிக்கட்டு ஏறி, அந்தரத்தில் முடிகிறதா பாருங்கள். அங்கே ஒரு காலத்தில் செதுக்கு மரத்தட்டி, அதன்மேல் மாடம், அதில் சிலுவை இருந்தது. 16-ஆம் நூற்றாண்டு மதச் சீர்திருத்தத்தில் சிலுவை போய், பல ஊர்களில் தட்டியும் போய், படி மட்டும் நிற்கிறது. தட்டி தப்பித்த இடம் டன்ஸ்டர். அதே கட்டடத்தை மடத்துத் துறவிகளும் ஊர்க்காரர்களும் பங்கு போட்டதில் சண்டை வந்து, 1498-இல் தீர்ப்பாகி, ஊர்க்காரர்கள் தங்கள் பகுதியைத் தனியே அடைத்துக்கொள்ள எழுப்பியது. 54 அடி, இங்கிலாந்திலேயே நீளமானது என்கிறார்கள். கிட்டே போய்ப் பாருங்கள், மேல்விளிம்பில் வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடி ஓடும்.

பிறகு தலையைத் தூக்குங்கள். கவிழ்த்த படகு போன்ற மர விட்டம் இந்தப் பக்கத்துச் சிறப்பு. செல்வர்த்தி சர்ச்சில் விட்ட மூட்டுகளில் உள்ள செதுக்கல்களை நிதானமாகப் பார்க்க ஒரு சின்ன பைனாகுலர் கொண்டுபோவது வீண் இல்லை.

9. கல்லறை மேல கால் வச்சுட்டேன். தோஷம் ஏதாவது?

சர்ச்சுக்குள் தரையே கல்லறைக் கற்களால்தான் பாவியிருக்கும், அதன்மேல் நடக்காமல் பீடத்துக்குப் போக வழியில்லை. ஊராரும் நடக்கிறார்கள். வெளியே முற்றத்தில் மேட்டைத் தவிர்த்துப் பாதையோடு போங்கள். புதிதாகப் பூ வைத்த இடத்தில் நின்று படம் எடுக்காதீர்கள். அவ்வளவுதான்.

10. ஒரே ஒரு நாள்தான் இருக்கு. எந்த மூணு சர்ச்?

டன்ஸ்டர், செல்வர்த்தி, கல்போன். மூன்றும் மூன்று குணம். டன்ஸ்டர் பற்றி எட்டாவது கேள்வியில் பார்த்தோம், கல்போன் அடுத்த கேள்வியில். செல்வர்த்தி சர்ச் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு பூசிச் சரிவில் நிற்கிறது. வாசலில் நின்றால் எதிரே பள்ளத்தாக்குக்கு அப்பால் டங்கரி பீக்கன் மலை. கீழே ஓலைக்கூரை வீடுகள் புல்தரையைச் சுற்றி இருப்பதைப் பார்த்து இடைக்காலக் கிராமம் என்று எண்ணிவிட வேண்டாம். தன் எஸ்டேட்டில் உழைத்து முதுமையடைந்தவர்களுக்காக 1828-இல் நில உரிமையாளர் சர் தாமஸ் அக்லண்ட் திட்டமிட்டுக் கட்டியவை.

நேரம் மிச்சமிருந்தால் ஸ்டோக் பீரோ. ஆயிரம் அடிக்குச் சற்று மேலே, எக்ஸ்மூரிலேயே உயரத்தில் உள்ள சர்ச். 1897-இல் கூரையைப் புதுப்பித்தபோது போர்லாக்கிலிருந்து ஓக் மரத்தைச் சுமந்து ஏறியது ஜூலு என்ற கழுதை, நாளுக்கு இரண்டு நடை. அதன் படம் உள்ளே மாட்டியிருக்கிறது.

11. கல்போனுக்கு ரோடே இல்லையாமே? எவ்வளவு நேரம் ஆகும்?

ஆம், நடந்துதான். போர்லாக் வியர் துறைமுகத்திலிருந்து கடலோரக் காட்டு வழி, ஒரு பக்கம் சுமார் மூன்று கிலோமீட்டர். கணக்குப் போடும் முறை இது: சமதளத்தில் மணிக்கு 5 கி.மீ., அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டு. 3 கி.மீ.க்கு 36 நிமிடம். ஏறி இறங்கி ஏறும் ஏற்றம் 150 மீட்டர் என்று வைத்தால் 15 நிமிடம். ஆக 51. சேறு, குழந்தை, படம் எடுப்பது எல்லாம் சேர்த்து ஒன்றே கால் மணி. போய் வர மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். அந்தச் சரிவில் மண் அடிக்கடி சரிவதால் மாற்றுப் பாதைப் பலகை இருந்தால் அதன்படியே போங்கள்.

சர்ச்சின் மொத்த நீளம் 35 அடி. முப்பது பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். வடக்குச் சுவரில் ஒரே கல்லில் குடைந்த இரட்டைச் சன்னலைத் தேடுங்கள், வெளிப்பக்கம் நடுக்கம்பியின் உச்சியில் பூனை போல ஒரு முகம். இன்றும் வழிபாடு நடக்கும் இடம் அது, கைவிடப்பட்டதல்ல.

12. கூகுள் மேப் போதாதா? எதுக்குக் காகித மேப்?

காட்டிலும் பள்ளத்தாக்கிலும் சிக்னல் இல்லை. கூகுளுக்கு நடைவழியும் பண்ணை வழியும் ஒன்றுதான். பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் ஓஎல்9 வரைபடம் எக்ஸ்மூர் முழுவதையும் 1:25,000 அளவில் காட்டும்: தாளில் 4 செ.மீ., தரையில் 1 கி.மீ. அதில் பச்சைக் கோடு என்றால் நடக்கச் சட்ட உரிமை உள்ள வழி. குறுங்கோடு நடப்பவர்களுக்கு, நெடுங்கோடு குதிரை, சைக்கிளுக்கும். கறுப்புக் கோட்டுப் பாதை தரையில் இருக்கலாம், உரிமை இருக்கிறது என்று பொருள் இல்லை. வெளிர் மஞ்சள் பூசிய நிலத்தில் பாதையை விட்டும் சுற்றலாம். சர்ச் குறியையும் கவனியுங்கள்: சிலுவைக்கு அடியில் கறுப்புச் சதுரம் என்றால் சதுரக் கோபுரம், வட்டம் என்றால் கூம்பு முதலியவை, வெறும் சிலுவை என்றால் கோபுரம் இல்லை.

இடத்தைச் சொல்லும் எண்ணையும் படிக்கப் பழகுங்கள். டங்கரி உச்சி எஸ்எஸ் 891 415. எஸ்எஸ் என்பது இந்தப் பகுதி அடங்கிய பெரிய கட்டத்தின் எழுத்து. முதல் மூன்று எண் இடமிருந்து வலம்: வரைபடத்தில் 89 என்று எண்ணிட்ட கட்டக் கோட்டைத் தாண்டிப் பத்தில் ஒரு பங்கு. அடுத்த மூன்று கீழிருந்து மேல்: 41-ஆம் கோட்டைத் தாண்டிப் பத்தில் ஐந்து. நூறு மீட்டர் சதுரத்துக்குள் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். உதவி கேட்கும்போது இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

13. அம்மாவுக்கு முட்டி வலி. மூரையே பார்க்க முடியாதா?

பார்க்கலாம். 519 மீட்டர் டங்கரியின் தோள் வரை சாலை போகிறது, காரிலிருந்து இறங்கினாலே ஹெதர். உச்சிக்கு டங்கரி கேட்டிலிருந்து கற்கள் நிறைந்த பாதை, அது கஷ்டம்தான். உச்சியில் உள்ள கற்குவியலில் நீங்களும் ஒரு கல் வைக்க வேண்டாம். சுற்றியுள்ள மேடுகள் வெண்கலக் காலத்து ஈமக்குவியல்கள், எடுக்கும் கல் அங்கிருந்து வந்ததாக இருக்கலாம்.

லின்மத்துக்கும் லின்டனுக்கும் இடையே 1890 முதல் ஓடும் மலைச்சரிவு ரயிலும் நல்ல ஏற்பாடு. 862 அடித் தடம். மின்சாரமோ எஞ்சினோ இல்லை: ஒரே வடத்தில் கட்டிய இரண்டு பெட்டி, ஒவ்வொன்றின் அடியிலும் 700 கேலன் தொட்டி. மேலே உள்ளதில் ஆற்று நீர் நிற்கும், கீழே உள்ளது தன் நீரை விடும். கனமானது இறங்க, லேசானது ஏறும். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள்.

14. வெஜிடேரியன். பட்டினிதானா?

இல்லை, ஆனால் மணியைப் பார்க்க வேண்டும். பல கிராம பப்களில் சமையலறை மதியம் இரண்டு, இரண்டரைக்கு மூடி மாலை ஆறுக்குத்தான் திறக்கும். கல்போன் போய்விட்டு மூன்று மணிக்கு வந்தால் தேநீர்க் கடையில் ஸ்கோன் என்ற சின்ன ரொட்டி, கெட்டி ஆடை, ஜாம்தான் கிடைக்கும். சிப்ஸை மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் கடைகள் உண்டு, எதில் பொரிக்கிறீர்கள் என்று கேளுங்கள். சூப்பில் கோழிச் சாறு, சீஸில் கன்றின் வயிற்று நொதி இருக்கலாம். சைவக் குறி போட்ட உணவாகப் பார்த்து வாங்குங்கள். காலை கிளம்பும்போது புளிசாதம் கட்டிக்கொண்டு போவது இன்றும் நல்ல யோசனை.

15. கடற்கரையோரமாவே நடந்து ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகலாமா?

கூடாது. பிரிஸ்டல் கால்வாயின் ஓத வேறுபாடு, அதாவது கடல் ஏறி நிற்கும் மட்டத்துக்கும் வடிந்த மட்டத்துக்கும் உள்ள இடைவெளி, உலகின் மிகப் பெரியவற்றில் ஒன்று. மைன்ஹெட்டில் பெரிய ஓத நாட்களில் பத்து மீட்டருக்கு மேல். மூன்று மாடி உயரம். நீர் பாறை முனைகளைத்தான் முதலில் அடைக்கும், நடுவே நிற்பவர்களுக்குப் பின்னால் செங்குத்துப் பாறை. மேலே போகும் தென்மேற்குக் கரையோரப் பாதையில் நடங்கள். 630 மைல் பாதையின் தொடக்கமே மைன்ஹெட்தான்.

பழைய வரைபடத்தை நம்புகிறவர்கள் போசிங்டன் அருகே ஏமாறுவார்கள். கூழாங்கல் கரை மேல் ஒரு பாதை காட்டியிருக்கும். 1996 புயலில் கடல் அந்தக் கரையை உடைத்துப் பின்னால் இருந்த வயலை உப்புச் சதுப்பாக்கிவிட்டது. இப்போது பாதை உள்பக்கமாகச் சுற்றுகிறது.

16. மூர்ல உண்மையான ஆபத்து எது? பாம்பா?

ஆடர் என்ற விரியன் உண்டு, மிதிக்காவிட்டால் அது தன் வழியே போகும். உண்மையான தொல்லை மூன்று. முதலாவது மூடுபனி: பத்து நிமிடத்தில் வந்து அடுத்த கல்லை மறைக்கும். வந்த பாதையை விட்டு விலகாமல் திரும்புங்கள். இரண்டாவது உளைச் சேறு: பளிச்சென்ற பச்சைப் பாசியும் வெள்ளைப் பஞ்சுப்புல்லும் தெரிந்தால் ஓரமாகச் சுற்றுங்கள். அந்த ஈரமே மழையில் வேறு முகம் காட்டும். ஏற்கெனவே ஊறியிருந்த மூரில் 1952 ஆகஸ்ட் 15 அன்று கொட்டிய மழை நிலத்தில் இறங்க இடமின்றி ஆறுகளில் பாய்ந்து, லின்மத்தில் 34 பேரைக் கொன்றது. கனமழை எச்சரிக்கை இருக்கும் நாளில் ஓடை கடக்கும் நடையைத் தள்ளிப்போடுங்கள்.

மூன்றாவது உண்ணி. பெரணிக்குள் நடந்தால் ஒட்டும், லைம் நோய் தரக்கூடியது. இரவு முட்டி மடிப்பு, இடுப்பு, அக்குள் பாருங்கள். இருந்தால் கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மெதுவாக இழுங்கள். எண்ணெய், தீக்குச்சி வேண்டாம். அடுத்த வாரங்களில் வட்டமாகச் சிவப்புப் படர்ந்தால் 111 என்ற மருத்துவ உதவி எண்ணை அழையுங்கள். வழி தவறி அடிபட்டால் 999, போலீஸ், பிறகு மலை மீட்புக் குழு என்று கேளுங்கள். கடலோரத்தில் என்றால் கோஸ்ட்கார்ட்.

17. டென்ட் போடலாமா? டிரோன்?

நில உரிமையாளர் அனுமதி இல்லாமல் இரண்டும் கூடாது. "இது தேசியப் பூங்கா, பொது நிலம்தானே" என்பார்கள். பெயர் அப்படி, நிலம் பெரும்பாலும் பண்ணையாருக்கும் அறக்கட்டளைக்கும் சொந்தம்.

18. மேப்ல பச்சைக் கோடு இருக்கு, நேர்ல மாட்டுக் கூட்டம் நிக்குது. என்ன பண்றது?

கன்றோடு நிற்கும் மாடென்றால் உரிமையை நிலைநாட்டும் நேரம் அது இல்லை. வேலியோரமாக அகலச் சுற்றுங்கள், கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போகாதீர்கள், ஓடாதீர்கள். நாய் இருந்து மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள். நாய் ஓடித் தப்பிக்கும், மாடும் உங்களை விட்டுவிடும். மஞ்சள் பூசிய திறந்த நிலத்தில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை, தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக, நாய்க்கு இரண்டு மீட்டருக்குள் கயிறு கட்டாயம்.

கதவு எப்படி இருந்ததோ அப்படியே விடுங்கள்: மூடியிருந்தால் மூடி, திறந்திருந்தால் திறந்து. நல்லது செய்வதாக நினைத்து திறந்த கதவை மூடினால் மந்தைக்குத் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் வழி அடைபட்டிருக்கும். பச்சைக் கோட்டையே யாராவது வேலி போட்டு மறித்திருந்தால் வேலியை அறுக்க வேண்டாம். பன்னிரண்டாவது கேள்வியில் சொன்ன ஆறிலக்க எண்ணோடு ஒரு படம் எடுத்துப் பூங்கா நிர்வாகத்துக்கு அனுப்புங்கள்.